பிஐபி கடிதம் கொடுத்த பிறகு என்னிடம் அனுப்பாதீர்கள்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தரமணி டைடல் பூங்காவில் தொடங்கி சிறுசேரி வரை, பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் இருக்கும் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையில் வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) உள்ள பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். எனக்கும் ஏடிஎச்டி உண்டு. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் நானும் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தில்தான் அடையாள அட்டைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அதனால் உங்கள் பக்கத்து நெருக்கடியும் ஓரளவு தெரியும்.

உங்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. 'எங்கள் ஊழியர் ஒருவர் தனக்கு ஏடிஎச்டி இருப்பதாகச் சொல்கிறார். நல்ல திறமைசாலி. இப்போது பிஐபியில் இருக்கிறார். 60 நாள் அவகாசம், அதில் மூன்று வாரம் போய்விட்டது. நீங்கள் அவரைச் சரிசெய்து, வாரம் ஒரு முன்னேற்ற அறிக்கை அனுப்ப முடியுமா?'

பிஐபி என்றால் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்: குறித்த கெடுவுக்குள் தேறாவிட்டால் வேலை போகலாம் என்ற எச்சரிக்கை. இந்த நான்கைந்து வரிகளுக்குள் எனக்கு மூன்று சண்டைகள் இருக்கின்றன. ஆளை அனுப்பும் நேரம் தவறு. அறிக்கை கேட்பது தவறு. எல்லாவற்றையும்விட, 'சரிசெய்து' என்ற எதிர்பார்ப்பு தவறு. பயிற்சி என்பது ஊழியரிடம் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. பாதி வேலை அவருடையது, என் பங்கு அதற்குள் அடங்கும். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பாதியை நீங்கள் தொடவே மாட்டேன் என்றால், நானும் அவரும் எவ்வளவு முட்டிமோதினாலும் 60-ஆம் நாள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில், இது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏடிஎச்டி என்றால் வகுப்பில் ஓடியாடும் ஆண்பிள்ளைதான் இன்னும் பலர் மனதில் வருகிறான். அந்தப் பிள்ளைக்கு வயதாகும் என்பதை மருத்துவ உலகமே மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடுதான், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் போதும் என்று அளவுகோலை மாற்றியது. அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதனால்தான் எனக்கு முப்பதுகளில் கண்டறிந்த மருத்துவர், பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்து வரச் சொன்னார். அம்மா பீரோவுக்கு அடியிலிருந்து துணிப்பையோடு எடுத்துக் கொடுத்தாள். வருஷா வருஷம் ஆசிரியர் மாறியிருக்கிறார், குறிப்பு மாறவில்லை: கெட்டிக்காரி, கவனம் போதாது, முயன்றால் முதலிடம் வரலாம்.

உங்கள் அப்ரைசல் (வேலை மதிப்பீட்டு) படிவங்களும் ஏறக்குறைய அதையேதான் எழுதுகின்றன. என்ன, 'ஓனர்ஷிப் இல்லை' என்று கொஞ்சம் நாகரிகமாக எழுதுகின்றன.

2021-இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, சிறுவயதில் தொடங்கி பெரியவர்களான பிறகும் ஏடிஎச்டி தொடர்கிறவர்கள் சுமார் 2.6 விழுக்காடு என்று கணக்கிட்டது. அறிகுறிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 6.8 விழுக்காடு. சிறிய எண்ணிக்கையையே வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் பேர் வேலை பார்க்கும் வளாகத்தில் நூறு பேருக்கு மேல் வருகிறது. அதில் உங்களிடம் வாய்திறந்து சொன்னவர்கள் எத்தனை பேர்?

தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் மேலாளர்கள் சறுக்கும் இடம் இதுதான். நேர மேலாண்மைப் பயிலரங்கு, முன்னுரிமை எப்படிப் போடுவது என்ற காணொளி, 'காலையில் எழுந்து பழகு' என்ற அறிவுரை, இதெல்லாம் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சரக்கு. ஏடிஎச்டி உள்ளவர் இதில் பாதியை மனப்பாடமாக ஒப்பிப்பார், மீதியை உங்களுக்கே வகுப்பெடுப்பார். சிக்கல், தெரிந்ததை அது தேவைப்படும் நொடியில் செய்யத் தொடங்குவதில். முக்கியமான வேலை என்பதாலேயே அவரால் அதைத் தொடங்கிவிட முடியாது. வேலை பிடித்ததாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நெருப்பு பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அடுத்த மாதக் கெடு என்பது அவருக்கு அடுத்த மாதம் வரை கண்ணுக்கே தெரியாது.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சப்போர்ட் அணியில் பொறியாளர். ராத்திரி இரண்டு மணிக்கு வாடிக்கையாளரின் சர்வர் விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும். பத்துப் பேர் அழைப்பில் பதறிக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் நிதானமாகப் பதிவுக் கோப்புகளைப் படித்துப் படித்து, விடிவதற்குள் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். அவரைத்தான் பிஐபியில் போட்டிருந்தார்கள். காரணம் டைம்ஷீட்: எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று வாராவாரம் நிரப்பும் படிவம்.

சிரிக்காதீர்கள். டைம்ஷீட் வராவிட்டால் வாடிக்கையாளருக்கு பில் போக முடியாது, பில் போகாவிட்டால் நிதித்துறை, மேலாளரின் கழுத்தைப் பிடிக்கும், அவர் இவர் கழுத்தைப் பிடிப்பார். நியாயம்தான். ஐந்து நிமிஷ வேலையை ஒருவர் நாலு வாரமாகச் செய்யவில்லை என்றால் அது திமிர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நான் அவரிடம் ஏன் செய்யவில்லை என்று கேட்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் அவர். 'இப்போது நாம் இருவரும் வீடியோ அழைப்பில் இருக்கிறோம். நீங்கள் டைம்ஷீட்டைத் திறங்கள், நான் என் ஜிஎஸ்டி கணக்கைத் திறக்கிறேன். பேச வேண்டாம். எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் சொல்லுங்கள்' என்றேன்.

முதலில் விபிஎன், வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழையும் வழி. அது கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்றது. மாற்ற போனில் ஒரு எண் வரும். போனை எடுத்தார், அதில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி, அதற்குப் பதில். திரும்பி வந்து கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனால் திட்டக் குறியீடு கேட்டது. நீளமான குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்தது. அது ஒரு பழைய மின்னஞ்சலில் இருக்கிறது. அஞ்சல் பெட்டியைத் திறந்தார். மேலே சிவப்புக் கொடியோடு ஒரு வாடிக்கையாளர் கேள்வி. அது அவசரம், அவருக்கு விடையும் தெரியும், கை தானாக அங்கே போய்விட்டது. 'அக்கா, இங்கேதான் நிற்குது' என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஐந்து நிமிஷ வேலை என்று எல்லோரும் சொன்னது உண்மையில் ஆறேழு வேலைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் இன்னொரு கதவு திறந்து கிடக்கிறது. அதன்மேல் நாலு வாரப் பாக்கியின் வெட்கம் வேறு. அந்தத் தளத்தின் பெயரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றார்.

அப்புறம் செய்தது மிகச் சாதாரணம். குறியீட்டை ஒரு நோட்பேட் கோப்பில் ஒட்டி முகப்புத் திரையில் வைத்தோம். வெள்ளிக்கிழமை வேலையை தினசரி வேலையாக மாற்றினோம். 'காலை ஸ்டாண்டப் (அணியின் தினசரிச் சிறு கூட்டம்) முடிந்ததும், அழைப்பைத் துண்டிக்கும் முன், நேற்றைய வரியை நிரப்புவேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற இந்த வடிவத்தை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தொண்ணூறுகளிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நல்ல தீர்மானங்களைவிட இப்படி நேரத்தோடும் இடத்தோடும் கட்டிப்போட்ட தீர்மானம் கூடுதலாக நிறைவேறுகிறது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அதை நினைவூட்ட வெளியே ஏதாவது ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

அந்த வெளியே இருக்கும் ஒன்றுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியம். தம்பி தயங்கித் தயங்கித் தன் டீம் லீடிடம் கேட்டார். அந்தப் பெண் நல்லவர். ஸ்டாண்டப் முடிந்த பிறகு அழைப்பை மூடாமல் இரண்டு நிமிஷம் திறந்தே வைத்தார். 'எல்லாரும் டைம்ஷீட் போட்டுட்டுப் போங்கப்பா' என்று அணி முழுவதற்கும் பொதுவாகச் சொன்னார், இவர் பெயரைச் சொல்லவே இல்லை. பாக்கி அடைந்தது. அந்த அணியில் வேறு மூன்று பேரின் டைம்ஷீட்டும் சேர்ந்து ஒழுங்கானது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த இரண்டு நிமிஷத்தை என்னால் கொடுத்திருக்க முடியாது. தம்பியாலும் முடியாது. நான் 'உங்கள் பாதி' என்று சொல்வது இதைத்தான்.

என் பாதி என்ன என்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு என்மேல் தேவையில்லாத நம்பிக்கை வந்துவிடும். நான் மருத்துவர் இல்லை, மருத்துவ உளவியலாளரும் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். பயிற்சியாளர் என்று மாட்ட இந்த நாட்டில் பலகையும் ஆணியும் இருந்தால் போதும். ஆகவே என்னைப் போன்றவர்களிடம் ஆள் அனுப்பும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எங்கே படித்தார், யார் மேற்பார்வை, மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தெரிந்தால் யாரிடம் அனுப்புவார், மருந்தைப் பற்றி என்ன சொல்வார். 'மருந்தே வேண்டாம், என் பன்னிரண்டு வாரத் திட்டம் போதும்' என்று சொல்கிறவரிடம் உங்கள் ஊழியரை அனுப்பாதீர்கள். பயிற்சிக்கான ஆய்வு ஆதாரம் இன்னும் மெலிசாகத்தான் இருக்கிறது, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சிறு ஆய்வுகள். மருந்துக்கும், ஏடிஎச்டிக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கும் இதைவிட வலுவான ஆதாரம் உண்டு. நான் மருந்து எடுத்துக்கொள்கிறேன். மருந்து வேலை செய்யும் நாளில்கூட எதை முதலில் செய்வது என்று அது எனக்குச் சொல்லாது. பயிற்சிக்கான இடம் அங்கேதான்.

மருந்து என்றதும் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று நினைவுக்கு வருகிறது. ஏடிஎச்டிக்கு எழுதிக்கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படுவது. இரட்டைப் பிரதியில் மருந்துச்சீட்டு வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. வேளச்சேரியில் கேட்டால் இல்லை என்பார்கள், அடையாறில் 'திங்கள்கிழமை வரும்' என்பார்கள். சீட்டுக்காக மருத்துவரிடமும், மருந்துக்காகக் கடை கடையாகவும் ஏறி இறங்குவது எங்களில் பலருக்கு வழக்கமான அலைச்சல். ஒழுங்குபடுத்திக்கொள்ளத் திணறுகிறவர்களுக்கான மருந்தை இவ்வளவு ஒழுங்கு கேட்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருப்பது ஒரு தனி வேடிக்கை. சட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அந்த அலைச்சலுக்காக ஊழியர் மாதத்தில் ஒரு பிற்பகல் கேட்டால், காரணம் துருவாமல் கொடுக்க முடியும். சட்டப்படி மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை மேசை இழுப்பறையில் பார்த்துவிட்டு, 'இது என்ன, போதை மாத்திரையா?' என்று தளம் முழுக்கக் கேட்கும்படி விசாரிக்காமல் இருக்க முடியும். ஒரு பெண்ணுக்கு இது நடந்திருக்கிறது. அவர் அதற்குப் பிறகு மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனார்.

சட்டம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதிலும் ஒளிவுமறைவு வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி என்ற பெயர் இல்லை. உங்கள் சட்டப் பிரிவுக்காரர் இதைச் சொல்லி உங்களை நிம்மதியாக இருக்கச் சொல்லியிருப்பார். ஆனால் அதே சட்டம் 'நியாயமான வசதி' என்று ஒன்றை விளக்குகிறது: முதலாளிக்கு அளவுக்கு மீறிய சுமை இல்லாமல், ஒருவர் மற்றவரோடு சமமாக வேலை செய்யத் தேவையான மாற்றங்கள். ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கொள்கையில் ஏடிஎச்டி என்ற ஒரு சொல்லை நீங்களாகவே சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பிரிட்டனில் 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டம் ஏடிஎச்டி பயிற்சியாளருக்கான செலவையே கொடுக்கிறது. நம் அரசிடம் அதைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. உங்களிடம் கேட்பவை பெரும்பாலும் பணச் செலவே இல்லாதவை.

வாய்மொழியாகச் சொன்ன வேலையை இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நடைபாதையில், லிஃப்டில், காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்ன வேலை எங்கள் தலையில் நிற்காது, லிஃப்ட் கதவோடு போய்விடும். ஆறு வாரக் கெடுவை ஆறாக உடைத்து, ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் எட்டிப்பார்க்கும்படி செய்யுங்கள். வேவு பார்ப்பதாக நினைத்துத் தயங்குகிறீர்கள், எங்களில் பெரும்பாலோர் அதற்காக நன்றி சொல்வோம். ஸ்லாக், மின்னஞ்சல், வாட்ஸ்அப், டிக்கெட் என்று நாலு வழியில் வேலை வருவதை ஒரு வழியாக்குங்கள். திறந்த தளத்தில், ஓய்வறைக்குப் போகும் வழியில், முதுகுக்குப் பின்னால் ஆள் நடக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கவனம் இல்லை என்று எழுதாதீர்கள். சுவர்ப்பக்கம் ஒரு இடம், காதில் சத்தம் தடுக்கும் ஹெட்போன், காலையில் இரண்டு மணி நேரம் கூட்டம் இல்லாத நேரம். இதையெல்லாம் 'சலுகை' என்று பெயர் வைத்து விண்ணப்பம் நிரப்ப வைக்காதீர்கள். விண்ணப்பம் நிரப்புவதே எங்களுக்கு என்ன பாடு என்று இப்போது தெரிந்திருக்கும்.

பதவி உயர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் கொஞ்சம் பேசுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானோர் வேலையில் சறுக்கியது தோல்விக்குப் பிறகு இல்லை, உயர்வுக்குப் பிறகு. கோட் எழுதியவரை, சோதனை செய்தவரை, நன்றாகச் செய்தார் என்பதற்காகவே டீம் லீட் ஆக்குகிறீர்கள். மறுநாளிலிருந்து அவருடைய நாளில் கோட் இல்லை. விடுப்பு அனுமதி, அறிக்கை, எட்டுப் பேரின் அப்ரைசல், இடைவிடாத கூட்டம். அவர் எதில் கெட்டிக்காரரோ அதைப் பிடுங்கிக்கொண்டு, எதில் மூளை ஒத்துழைக்காதோ அதையே முழுநேர வேலையாகக் கொடுத்திருக்கிறீர்கள். மேலே போக மேலாளர் ஆவது ஒன்றுதான் வழி என்று இல்லாமல், தொழில்நுட்பப் பாதையிலேயே சம்பளமும் மரியாதையும் ஏறும் ஏணி பல நிறுவனங்களில் காகிதத்தில் இருக்கிறது. அதை உண்மையிலேயே ஏறுகிற மாதிரி வையுங்கள். இல்லை, அவர் டீம் லீடாகத்தான் ஆசைப்படுகிறாரா? அப்படியென்றால் பயிற்சியாளரை அந்த முதல் மாதத்தில் கூப்பிடுங்கள். பிஐபி வரை காத்திருப்பது தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்வதுதான்.

பெண்களுக்கு இதே மாதிரி இன்னொரு திருப்பம் உண்டு. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பி வருகிறவர். அதுவரை அம்மாவின் கையும், விடுதியின் மணியும், தேர்வு அட்டவணையும் சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும். பெண்பிள்ளைகளிடம் இது ஓடியாட்டமாகத் தெரிவது குறைவு, கனவு காண்கிறாள் என்று விட்டுவிடுவார்கள், அதனால் யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்க மாட்டார்கள். குழந்தை, மாமியார், ஸ்பிரிண்ட் என்ற குறுங்கால வேலைக் கெடு, இரவு அழைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்போது அந்தத் தாங்கல் மொத்தமாக உடைகிறது. நீங்கள் அதை 'குழந்தை வந்ததும் ஆர்வம் குறைந்துவிட்டது' என்று குறித்துக்கொள்கிறீர்கள். அந்தக் குறிப்பை எழுதும் முன் அவருடைய பழைய இரண்டு வருஷ அப்ரைசலை எடுத்துப் பாருங்கள், போதும்.

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். வாராவாரம் அறிக்கை தர மாட்டேன். நீங்கள் பணம் கொடுத்தாலும் தர மாட்டேன். சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பின் நெறிமுறையே, பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு எது தெரியவரும், எது தெரியவராது என்பதைத் தொடங்கும் முன்பே மூவரும் பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறது. என் விதி எளியது. அமர்வுக்கு வந்தாரா இல்லையா என்பதை மட்டும் சொல்வேன், அதுவும் அவர் ஒப்புக்கொண்டால். என்ன பேசினோம் என்பது வெளியே போகும் என்று தெரிந்தால், அந்தத் தம்பி 'வயிற்றைப் பிசைகிறது' என்று சொல்லியிருப்பாரா? 'எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கு மேடம்' என்றுதான் சொல்லியிருப்பார். அதை அவர் உங்களிடமே சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கு நான் எதற்கு?

உங்களிடம் ஒருவர் நம்பி ஏடிஎச்டி என்று சொன்னால், அது அவருடைய மேலாளருக்குத் தெரிய வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அணி மதிய உணவில் 'நமக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏடிஎச்டி இருக்குப்பா' என்று மேலாளர் நகைச்சுவை செய்யும்போது, செய்தி எங்கிருந்து கசிந்தது என்று அவருக்குத் தெரியும். அப்புறம் அவர் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். இன்னொரு பழக்கத்தையும் நிறுத்துங்கள். அக்டோபர் 10, உலக மனநல நாள் என்று பலூன் கட்டி, ஆறு கேள்வி கொண்ட ஏடிஎச்டி வினாத்தாளைக் கூகுள் படிவமாக எல்லோருக்கும் அனுப்புகிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆறு கேள்விகள் ஒரு முதல்கட்ட வடிகட்டி. அதை வைத்து நோய் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்தப் பதில்கள் உங்கள் நிறுவனத்தின் விரிதாளில் ஊழியர் எண்ணோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு உதறல் எடுக்கிறது. பலூனுக்குச் செலவழிப்பதை உங்கள் குழுக் காப்பீட்டில் மனநல மருத்துவரின் வெளிநோயாளிக் கட்டணம் சேருகிறதா என்று பார்க்கச் செலவழியுங்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு தர வேண்டும் என்று 2017-இன் மனநலச் சட்டம் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்ற பாலிசி, மாதாமாதம் மருந்து வாங்குகிறவருக்கு எதற்கு உதவும்?

உங்கள் பக்கத்து ஆட்சேபம் எனக்குக் கேட்கிறது. 'ஒருவருக்கு இப்படி வளைந்து கொடுத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா? நாளைக்கு வேலை செய்யாதவன் எல்லாம் ஏடிஎச்டி என்று சீட்டு எடுத்துக்கொண்டு வருவானே?' வருவார்கள், ஒன்றிரண்டு பேர். எழுத்தில் வேலை கொடுப்பதாலும், கெடுவை உடைப்பதாலும் அவர்களுக்கு என்ன லாபம் என்று யோசியுங்கள். வேலை செய்யாதவர் இன்னும் தெளிவாகத்தான் மாட்டுவார். நான் கேட்பதில் எதுவும் தரத்தைக் குறைக்கச் சொல்வது இல்லை. முடிக்க வேண்டிய வேலையை அவர் முடிக்கத்தான் வேண்டும்.

எல்லா வேலையும் எல்லோருக்கும் பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இணக்கத் தணிக்கைப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த ஒருவரிடம், இந்த வேலையை விட்டுவிடுவது நல்லது என்று நானே பேசியிருக்கிறேன். அவர் நிறுவனத்துக்குள்ளேயே வாடிக்கையாளர் பயிற்சிப் பிரிவுக்கு மாறினார், மேடையில் அவரைப் பிடிக்க ஆள் இல்லை. அப்படி மாற்றிக்கொடுத்தது யார்? உங்களில் ஒருவர். பிஐபி போடுவதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காபி வாங்கிக் கொடுத்து, 'உங்களுக்கு இதில் எது பிடிக்கிறது, எது கொல்கிறது?' என்று கேட்ட ஒரு இளம் எச்ஆர். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பயிற்சியாளரும் தேவைப்படவில்லை.

இனிமேல் உங்களில் யார் என்னிடம் ஆள் அனுப்பினாலும் நான் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அனுப்பப்படுகிறவர் தானாக விரும்பி வர வேண்டும், பிஐபியின் ஒரு நிபந்தனையாக வரக்கூடாது. முதல் சந்திப்பு மூன்று பேருக்கு: அவர், அவருடைய நேரடி மேலாளர், நான். அதில் மேலாளர் தான் மாற்றிக்கொள்ளப்போகும் குறைந்தது ஒரு விஷயத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிஷம் அழைப்பைத் திறந்து வைப்பது போன்ற சின்ன விஷயம் போதும், ஆனால் தேதியோடு இருக்க வேண்டும். ஏற்கெனவே பிஐபி ஓடிக்கொண்டிருந்தால் அதன் கெடுவை நிறுத்திவைத்த கடிதம் வேண்டும். மருத்துவர் யாரையும் அவர் இன்னும் பார்க்கவில்லை என்றால், முதலில் அதற்கு நேரம் கொடுங்கள், பயிற்சி அடுத்த மாதம் தொடங்கினாலும் குடி முழுகிப்போகாது. கட்டண விவரத்தை உங்கள் கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறேன். அவர்களுடைய விற்பனையாளர் பதிவுப் படிவம் பதினாலு பக்கம், அதை நிரப்ப எனக்கு ஒரு வாரம் அவகாசம் தேவைப்படும்.

இப்படிக்கு,
பெருங்குடியிலிருந்து,
உங்கள் பழைய சக ஊழியர்களில் ஒருத்தி